பால் சுறாவா, திருக்கையா? காசிமேட்டில் காசு கொடுத்து வாங்குபவளின் தீர்ப்பு

சுறாப்புட்டு கேட்டு வரும் போன்களில் பாதிகூடத் திருக்கைக் குழம்பு கேட்டு வருவதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தே சமைத்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன்தான். "அக்கா, சுறாப்புட்டு இருக்கா?" என்றுதான் பேச்சே தொடங்கும். இல்லை, திருக்கை இருக்கிறது என்று சொன்னால் எதிர்முனையில் ஒரு சின்ன மௌனம். அப்புறம், "சரி, கோழி எதாவது?" என்பார்கள். திருக்கைக்காக எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம் இது.

அதனால் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இரண்டையும் வாங்கி, இரண்டையும் சுத்தம் செய்து, இரண்டையும் அடுப்பில் ஏற்றும் ஆள் என்ற முறையில் எழுதுகிறேன். இங்கே சுறா என்று நான் சொல்வது பால் சுறா. கை நீளம், மிஞ்சினால் இரண்டு கை நீளம் இருக்கும், சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. திருக்கை என்று சொல்வது உடம்பெல்லாம் நீலப் புள்ளி போட்ட சின்னத் திருக்கை. முறத்தளவு பெரிய திருக்கையும் சந்தைக்கு வரும், வவ்வால் மாதிரி இறக்கை நீண்டவையும் வரும். அவற்றின் சதையும் ருசியும் வேறு. இந்த நீலப்புள்ளியை 2018-இல்தான் தனி இனம் என்று பிரித்து, இந்தியாவின் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்திருக்கிறார்கள் என்று பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் அக்கா பையன் சொன்னான். அதுவரை வேறொரு கடலில் இருக்கும் புள்ளித் திருக்கையோடு சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார்களாம். நாம் என்னவோ அதற்கு முன்பிருந்தே குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் விலை. சந்தை விலை நாளுக்கு நாள் மாறும், ஞாயிறு விலை வேறு, செவ்வாய் விலை வேறு. ஆனாலும் நான் வாங்கும்போது பால் சுறா கிலோ ஐந்நூறை ஒட்டியே நிற்கிறது, நல்ல நாளில் அதையும் தாண்டும். திருக்கை அதில் பாதிதான், சில நாள் பாதிக்கும் கீழே. இந்த வித்தியாசம் ருசியால் வந்ததில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்ற நம்பிக்கைதான் சுறாவின் விலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கழிவும் பார்க்க வேண்டும். சுறாவில் தலை போகும், குடல் போகும், துடுப்புகள் போகும், வேகவைத்த பிறகு தோலும் நடுவிலிருக்கும் குருத்தெலும்பும் போகும். ஒரு கிலோ வாங்கினால் புட்டாக உதிர்ந்து வருவது ஏறக்குறைய பாதி. திருக்கையிலும் நடுத் தலைப்பகுதி, வால், குடல் போகும். ஆனால் இறக்கை இரண்டும் முழுசாக நிற்கும். அதில் இருக்கும் குருத்தெலும்பைத் தூக்கிப் போடவே வேண்டாம், அப்படியே மென்று தின்னலாம். ஈரலும் மிஞ்சும். ஆக, தட்டில் வந்து விழும் சதைக்குக் கணக்குப் போட்டால் சுறா இரண்டு பங்கு விலை இல்லை, அதற்கும் மேல்.

அடுத்து, புதுசா பழசா என்று எப்படிப் பார்ப்பது. சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் செவுளைத் தூக்கிப் பார்க்கிற வித்தை இந்த இரண்டிடமும் செல்லாது, ஏனென்றால் தூக்குவதற்குச் செவுள் மூடியே கிடையாது, வெறும் கீறல்கள்தான் உண்டு. சுறாவுக்கு அந்த ஐந்து கீறல் கழுத்துப் பக்கவாட்டில், திருக்கைக்கு அடிவயிற்றுப் பக்கம். (எது சுறா, எது திருக்கை என்று தடுமாறினாலும் இதுதான் அடையாளம். உளுவை பார்க்கச் சுறா மாதிரி நீளமாக இருக்கும். திருப்பிப் போட்டால் கீறல் கீழே இருக்கும், அது திருக்கைச் சாதி.) எனவே மூக்கைத்தான் நம்ப வேண்டும். பக்கத்தில் குனிந்தால் மூத்திர வாடை வந்தால் நகர்ந்துவிடுங்கள். கடைக்காரர் "அது கடல் வாசனைம்மா" என்பார். அது கடல் வாசனை இல்லை.

இந்த வாடைக்குக் காரணம் உண்டு. கடலின் உப்பு தன் உடம்புத் தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, சுறாவும் திருக்கையும் ரத்தத்திலும் சதையிலும் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொள்கின்றன. உயிர் போனதும் பாக்டீரியா அந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றத் தொடங்கிவிடும். மற்ற மீன் கெட்டால் நாற்றம் வர நேரமெடுக்கும். இவை இரண்டும் ஐஸ் சரியில்லை என்றால் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். ஒருவகையில் வாங்குகிறவளுக்கு இது நல்லதுதான். பழசைப் புதுசு என்று இந்த மீனில் விற்க முடியாது.

கண்ணுக்கும் கொஞ்சம் வேலை உண்டு. திருக்கையின் வெள்ளை வயிற்றில் சிவப்புத் திட்டு பரவியிருந்தால் வேண்டாம். முதுகுப் புள்ளியில் நீலம் இன்னும் தெரிந்தால் அன்றைக்குப் பிடித்தது. ஐஸில் கிடக்கக் கிடக்க அது மங்கிச் சாம்பலாகிவிடும். மேலே வழவழப்பு தெளிவாக, கண்ணாடி போல் இருக்க வேண்டும். மஞ்சளாகிக் கெட்டியாகியிருந்தால் அது மூன்று நாள் கதை. சுறாவை நடுவில் பிடித்துத் தூக்கினால் விறைப்பாக நிற்க வேண்டும்.

எங்கே வாங்குவது? காசிமேட்டில் பெரிய விசைப்படகுகள் (லாஞ்சு என்பார்கள்) பல நாள் கடலில் கிடந்து திரும்புகின்றன. முதல் நாள் பிடித்த சுறா, ஐஸ் பெட்டியின் அடியில் அத்தனை நாளும் கிடக்கும். ஃபைபர் படகுகள் ராத்திரி போய்விட்டுக் காலையில் வந்துவிடும். மீன் கொஞ்சம்தான், விலையும் கொஞ்சம் கூட, ஆனால் இந்த இரண்டு மீனுக்கும் நான் ஃபைபர் படகுச் சரக்கைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. விற்கிற அம்மாக்களிடம் "லாஞ்சா, ஃபைபரா?" என்று நேராகவே கேட்கலாம். பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வார்கள். ஏலம் விடியுமுன்பே முடிந்துவிடும். நம்மைப் போல் கிலோ கணக்கில் வாங்குகிறவர்கள் வெளிச்சம் வந்த பிறகு போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு மணியைத் தாண்டவிடாதீர்கள், கால் வைக்க இடமிருக்காது. வண்டியை வெளியிலேயே விட்டுவிடுங்கள். நல்ல செருப்பு வேண்டாம்.

செயலியில் வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு முறை மழையாக இருக்கிறதே என்று ஒரு செயலியில் பால் சுறா போட்டேன். வட்டம் வட்டமாக வெட்டி, தட்டில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி வந்தது. வில்லை ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிட அகலம். நான் வாங்கும் பால் சுறா அவ்வளவு தடிமன் இருக்காது. பிரித்ததும் அடுக்களை முழுக்க வாடை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் "சுறா என்றால் சுறாதானே மேடம்" என்று வாடிக்கையாளர் சேவைப் பெண் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை.

இல்லை, சுறா என்றால் எல்லாம் ஒன்றில்லை. இரண்டு காரணம். சுறா பெரிதாக ஆக, வயது கூடக் கூட, உடம்பில் பாதரசம் சேரும். சின்ன மீனைத் தின்ற மீனைத் தின்ற மீன் அது. இன்னொன்று, சட்டம். 2001-இல் திமிங்கலச் சுறா, வேளா மீன், உளுவையில் பெரிய வகை ஒன்று எனச் சிலவற்றை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். 2022-இல் வந்த திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டுவிட்டது. வட்டமாக நறுக்கி வைத்த துண்டைப் பார்த்து அது எந்தச் சுறா என்று அக்கா பையனாலேயே சொல்ல முடியாது. எனவே முழு மீனாகப் பார்த்து வாங்குங்கள், கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள்.

வெட்டுவதைச் சொல்லும்போது, காசிமேட்டில் மீன் வாங்குவதைவிட நான் அதிக மதிப்பெண் போடுவது வெட்டிக்கொடுக்கும் பெண்களுக்குத்தான். கிலோவுக்கு முப்பதோ நாற்பதோ வாங்குகிறார்கள். இந்த இரண்டு மீனுக்கும் கொஞ்சம் கூடக் கேட்டால் பேரம் பேசாதீர்கள், வேலை அப்படி. நான் வழக்கமாகக் கொடுக்கும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். திருக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் வாலைத் தடவிப் பார்ப்பார். வாலின் மேல்பக்கம் விஷமுள் இருக்கும், இரு ஓரத்திலும் அரம்பப் பல்லோடு. படகிலேயே ஒடித்து எறிந்துவிடுவார்கள் என்றாலும் அவர் நம்பமாட்டார். அப்புறம் வாலை ஒரே வெட்டு. (அந்தக் காலத்தில் பண்ணையார்கள் திருக்கை வாலைக் காயவைத்துச் சாட்டையாக வைத்திருந்தார்கள். இந்த வாலைக் கையில் வாங்கிப் பார்த்தால் அந்த அடி எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.)

"இன்னா கண்ணு, தோலோட வேணுமா, உரிச்சிடவா?"

"உரிச்சிடுங்கக்கா. ஈரலைத் தூக்கிப் போட்டுடாதீங்க."

"ஈரல் இல்லாம திருக்கையில இன்னா இருக்குது, போ."

இறக்கையின் ஓரத்தில் கத்தியால் ஒரு கீறல். விரலில் கல் உப்பைத் தொட்டுக்கொள்வார், வழுக்காமல் பிடிக்க. தோல் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் நடுவரைக்கும் உரித்துவிடுவார். உள்ளே ரோஜா நிறச் சதை, அதன் நடுவே விசிறிக் கம்பிகள் போல் வரிசையாகக் குருத்தெலும்பு. அந்தக் கம்பிகளுக்குக் குறுக்காக இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டச் சொல்ல வேண்டும். நீளவாக்கில் வெட்டினால் குழம்பில் பிரிந்து நார் நாராகிவிடும்.

ஒரு நாள் அவர் வயிற்றைக் கீறியதும் உள்ளே இரண்டு குட்டி. இறக்கைகளைப் போர்வை சுற்றின மாதிரி முதுகின் மேல் சுருட்டிக்கொண்டு, வாலோடு, புள்ளிகூட லேசாகத் தெரிந்தது. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். வயிறு உப்பின திருக்கையை அன்றிலிருந்து நான் எடுப்பதில்லை. ஆனால் வலையில் சிக்கி வந்துவிட்ட பிறகு நான் எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன என்பதும் எனக்குத் தெரியும். இவை மற்ற மீன்போல் லட்சக்கணக்கில் முட்டை விடுவதில்லை. திருக்கை ஒன்றிரண்டு குட்டி போடும். பால் சுறா பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து, அதையும் ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து பெறும். பால் சுறாவை உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, புட்டு ஆர்டரை மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். வியாபாரத்தில் கொஞ்சம் அடிதான்.

இந்தக் குட்டிக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பால் சுறாவின் குட்டி, தாயின் வயிற்றில் தொப்புள்கொடி போட்டு வளர்கிறது, மனிதக் குழந்தை மாதிரி. திருக்கைக் குட்டிக்குக் கொடி கிடையாது. தாயின் கருப்பைச் சுவரே கொழுப்பும் புரதமுமாக ஒரு பால் சுரக்க, அதைக் குடித்து வளர்கிறது. பாலுக்குப் பேர் வாங்கியது சுறா, பால் கொடுப்பது திருக்கை. அக்கா பையன் இதைச் சொன்னபோது மாமியார், "அப்படின்னா பிள்ளை பெத்தவளுக்குத் திருக்கையைக் குடுங்கடி" என்றார். சிரித்துவிட்டோம், ஆனாலும் யோசித்தேன்.

ஏனென்றால் புட்டு ஆர்டரில் பெரும்பங்கு பிரசவமான வீடுகளிலிருந்துதான் வருகிறது. அம்மாவோ மாமியாரோதான் பேசுவார்கள். சுறா தின்றால் பால் ஊறும் என்று என் அம்மாவும் தூத்துக்குடியில் எனக்குச் செய்து கொடுத்தாள், நானும் தின்றேன். ஆனால் குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அதற்கேற்பத்தான் பால் ஊறும் என்று அன்றைக்கே குழந்தை மருத்துவர் சொன்னார். சுறாவில் நல்ல புரதம் இருக்கிறது, பூண்டும் நல்லெண்ணெயுமாகப் பக்குவமாய்ச் செய்தால் வாய்க்கு இதமாக இறங்கும்; அதற்கு மேல் மாயம் எதுவும் கிடையாது. இன்னொரு பக்கம், அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவைப் போட்டிருக்கிறது, பாதரசத்துக்காக. நம் வீட்டில் எதற்காகக் கொடுக்கிறோமோ, அதே ஆளுக்கு அங்கே வேண்டாம் என்கிறார்கள். இதைச் சொன்னால் ஆர்டர் போய்விடும் என்று வீட்டுக்காரர் பயந்தார். சிலது போனது. நான் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன்: மருத்துவரைக் கேளுங்கள், கேட்காமல் கொடுப்பதென்றால் சின்னச் சுறா மட்டும், அதுவும் எப்போதாவது.

சரி, சமையலுக்கு வருவோம். சுறாப்புட்டில் வேலை அதிகம், ஆனால் தவறு நேர இடம் குறைவு. தோலோடு பெரிய துண்டாக வெட்டி, மஞ்சளும் உப்பும் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். யூரியாவில் ஒரு பகுதி அதோடு போய்விடும். ஆறியதும் தோலைச் சுரண்டினால் மணல் மணலாக உதிரும். சுறாத் தோலின் சொரசொரப்புக்குக் காரணம் மற்ற மீனில் இருப்பது போன்ற செதில் இல்லை, எல்லாம் பல்லைப் போன்ற குட்டிக் குட்டிச் செதில்கள். ஒரு காலத்தில் மரத்தை இழைக்க இந்தத் தோலைத்தான் வைத்துத் தேய்த்தார்கள். ஒரு மணல் தங்கினாலும் புட்டு பல்லில் நறநறக்கும். அப்புறம் நடுக் குருத்தெலும்பை எடுத்துவிட்டுச் சதையைத் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். நிறைய பேர் பிழியாமல் வாணலியில் போட்டுவிட்டு, "எனக்கு மட்டும் உதிரியாகவே வரமாட்டேன் என்கிறது" என்பார்கள். நல்லெண்ணெயில் கடுகு, சோம்பு, சின்ன வெங்காயம் கை நிறைய, பூண்டு அதைவிடக் கொஞ்சம் குறைவு, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை. வெங்காயம் சிவக்கும் முன்பு சுறாவைப் போட்டுச் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் இருபது நிமிடத்தில் பூவாக உதிரும். கடைசியில் மிளகுத்தூள். தேங்காய்த் துருவல் போடுகிறவர்கள் போடட்டும், நான் போடுவதில்லை, சாயங்காலத்துக்குள் ஊசிவிடும்.

ருசி? நேர்மையாகச் சொன்னால், சுறாப்புட்டில் நாம் ருசிப்பது பூண்டையும் வெங்காயத்தையும்தான். சுறாச் சதைக்கென்று தனிக் குணம் குறைவு. எதைச் சேர்க்கிறோமோ அதுவாக மாறிக்கொள்ளும். ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட நல்லது எதுவுமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முள் இல்லை என்பதால் பல் போன தாத்தாவும் பல் முளைக்காத பேரனும் ஒரே தட்டில் தின்னலாம். ஆனால் சுறாவைக் குழம்பில் போட்டால் எனக்கு அது பஞ்சுதான். வறுத்தால் இன்னும் மோசம், வறண்டு போகும்.

திருக்கைக் குழம்பு அப்படியில்லை. அதற்கென்று ஒரு ருசி உண்டு. துண்டுகளைக் கல் உப்பும் கொஞ்சம் புளியும் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். அம்மோனியா அமிலத்துக்கு எதிரான காரம், புளியின் அமிலம் அதை முறித்துவிடும். குழம்பிலும் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், அதே காரணத்துக்காக. வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போட்டுப் புளிக்கரைசல் ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட வேண்டும். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் தேங்காய் அரைத்து ஊற்றுவோம். இங்கே மாமியார் வீட்டில் தேங்காய் கிடையாது, மாங்காய் காலம் என்றால் இரண்டு கீற்று மாங்காய். இந்த ஒரு விஷயத்தில் நான் கட்சி மாறிவிட்டேன், திருக்கைக்குத் தேங்காய் வேண்டாம்.

காரணம் ஈரல். குழம்பு கொதிக்கும்போது ஈரலைத் தனியாக மசித்து அதில் கரைத்துவிட வேண்டும். கொழுப்பு முழுக்க உருகி, மேலே எண்ணெய் மிதந்து, குழம்பு தானாகவே கெட்டிப்படும். அதற்கு மேல் தேங்காயும் போட்டால் திகட்டும். துண்டுகளைக் கடைசியில் போட்டு எட்டு நிமிடம், கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். இறக்கையின் குருத்தெலும்பு வெந்ததும் பிசுபிசுவென்று குழம்போடு சேர்ந்துவிடும். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பைச் சூடுபண்ணாமல் ஊற்றினால் கரண்டியில் ஆடும்.

சுறா ஆட்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருக்கையிலும் புட்டு செய்யலாம். அதே வேலை, அதே மசாலா. சதை கொஞ்சம் நார்நாராக உதிரும், நிறம் கொஞ்சம் மங்கல், ருசி கூடுதல். வீட்டில் வந்த விருந்தாளிகளுக்குப் பெயர் சொல்லாமல் வைத்தேன், சுறாப்புட்டு பிரமாதம் என்று வாங்கி வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆக, சுறா ஒரு வேலைக்குத்தான், திருக்கை இரண்டுக்கும்.

மூன்றாவது வேலை ஒன்றும் இருக்கிறது, கருவாடு. சுறாக் கருவாடும் விற்கிறது, நான் வாங்குவதில்லை, உப்பும் நாரும்தான். திருக்கைக் கருவாடு அப்படியில்லை, கத்திரிக்காயும் வாழைக்காயும் போட்டு வைத்தால் தெருவே கேட்கும். வாங்கும்போது மடித்துப் பாருங்கள். வளைய வேண்டும், ஒடியக்கூடாது. வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பாக இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். விரலால் துடைத்தால் உப்பு கரகரக்கும், பூஞ்சை வழுக்கும்.

திருக்கையிடம் குறை இல்லையா? உண்டு. வீட்டில் சுத்தம் செய்ய நினைக்காதீர்கள், அந்த வழவழப்பு தொட்டியில் ஒட்டினால் அன்று முழுக்க அதே வேலை. ஒரு மணி நேரம் ஐஸ் இல்லாமல் பையில் கிடந்தாலும் வாடை தொடங்கிவிடும். தெர்மாகோல் பெட்டி இல்லாமல் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் கொண்டுபோக வேண்டாம். வறுக்க நினைத்தால் ஏமாற்றம்தான், தண்ணீர் விட்டுச் சுருங்கும். முதல் முறை பார்க்கும் குழந்தைகள் அந்தத் தட்டை உடம்பையும் அடிப்பக்கத்து வாயையும் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கும், அதனால் முழுசாகக் காட்டாமல் துண்டாக வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது.

யாருக்கு எது என்று கேட்டால், வீட்டில் ரசம் வைத்துவிட்டுத் தொட்டுக்கொள்ள ஒன்று வேண்டும், செலவைப் பற்றிக் கவலையில்லை, சுரண்டிப் பிழிய ஆள் இருக்கிறது என்பவர்கள் எப்போதாவது பால் சுறா வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எல்லா ஞாயிற்றுக்கும் திருக்கை.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும், ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும். அந்த 61 நாளும் எல்லா மீனும் விலை ஏறும், திருக்கையும் ஏறும். ஆனால் அப்போது காசிமேட்டில் "லாஞ்சா, ஃபைபரா?" என்று கேட்கத் தேவையில்லை. உள்ளூர்ச் சரக்கு எதுவானாலும் அன்றைக்கு வந்ததுதான், வெளிமாநிலத்திலிருந்து ஐஸ் பெட்டியில் இறங்குவது எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.